ஓரத்து மோதல்கள்

சல்லி என்ற சொல்லுக்கு வழக்கிற் பல பொருள் உண்டு. உடைந்த கல் சல்லி. உடைந்த ஓட்டுத் துண்டு சல்லி. மதிப்பிற் சிறிய காசும் சல்லி. சிங்கள மக்களின் பேச்சிலோ சல்லி என்றாற் பணமேதான். நான் பிறந்து, வளர்ந்து, இன்றும் வாழ்கின்ற ஊரின் பெயரும் அதுவே. திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாகக் கிடக்கின்ற மீனவர் கிராமம் அது. பெயர்க்காரணம் இங்கே நமக்கு விடயமன்று. உடைந்து சிதறிய துண்டுகளைக் கொண்டு, உடைத்த அடி எத்தகையது என்று கணிக்கின்ற ஒரு விஞ்ஞானத்தைப் பற்றி எழுத முற்படுகிறேன். அதைச் சல்லிக்காரன் ஒருவன் எழுதுவது பொருத்தமே அன்றோ!

தமிழ் படித்தவனுக்கு அணுக்கருவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எங்கள் பள்ளியிற் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பரீட்சை முடிவுகள் வெளிவந்த ஒரு நாளில், பாடசாலைகளை வரிசைப்படுத்திய பட்டியலொன்று ஆசிரியர் அறைக்கு வந்தது. கடற்கரைப் பள்ளிகள் வழக்கம்போல் அடியிற் கிடந்தன. பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “சேர், இந்தப் பட்டியல் போட்டவர்களைவிட ஈய அணுவை மோதவிட்டுப் பார்க்கிறவர்கள் நேர்மையாகக் கணக்குப் பார்க்கிறார்கள்.” நான் விளங்காமல் நின்றேன். பின்னேர வகுப்புகள் முடிந்த பின்னர், பல நாட்கள், கரும்பலகையில் வட்டங்களாக வரைந்து வரைந்து அவர் விளக்கினார். நான் விளங்கிக்கொண்டதை என் மொழியிற் சொல்கிறேன்.

சுவிற்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே, சேர்ன் என்னும் ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலத்துக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையமொன்றில், ஒளியின் வேகத்தை எட்டிப்பிடிக்கும் வேகத்தில் அணுத்துகள்களை ஓடவிட்டு எதிரெதிரே மோதச் செய்கிறார்கள். 2010ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வளையத்தில் முதன்முதலாக ஈயத்தின் கருக்களை மோதவிட்டனர். அம்மோதலில், மிகச் சிறிய இடத்தில், மிகச் சிறிய கணத்துக்கு, சூரியனின் நடுவிலுள்ள வெப்பத்தைப் போல் ஒரு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பத்திற் புரோத்தனும் நியூத்திரனும் கட்டவிழ்ந்து, அவற்றின் உள்ளீடான குவார்க்குகளும் குளுவோன்களும் ஒரு துளித் திரவம்போல் ஓடுகின்றன. பிரபஞ்சம் தோன்றிய முதல் மைக்ரோ விநாடிகளில் அனைத்துமே இவ்வாறு இருந்ததாகக் கருதுகிறார்கள். இம்மோதல்களை ஆராயவென்றே அமைத்தது அலிஸ் என்னும் பரிசோதனை. 10,000 தொன் எடை. நாற்பதளவு நாடுகளின் விஞ்ஞானிகள் அதில் உழைக்கிறார்கள்.

சேர்னின் முற்றத்தில் 2004ஆம் ஆண்டு இந்திய அரசு அளித்த நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. நம்மவர்கள் அச்சிலையின் படத்தைப் பரப்புவதிற் காட்டும் ஆர்வத்திற் பத்தில் ஒரு பங்கையேனும், அங்கே நிலத்துக்கடியில் நடக்கும் கணக்கில் காட்டினால் நன்றாயிருக்கும். அது நிற்க.

ஈயத்தின் ஒரு கருவில் 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களுமாக 208 துகள்கள் உண்டு. இரு கருக்கள் மோதும்போது மொத்தம் 416. ஆயின் எல்லா மோதலும் ஒரே தன்மையன அல்ல. நடுவோடு நடு பொருந்தி நேருக்கு நேர் இடிப்பதும் உண்டு. விளிம்போடு விளிம்பு உரசிச் செல்வதும் உண்டு. நேர் மோதலிற் பெருந்துளி பிறக்கும். உரசலில் அரைகுறையாகச் சில துகள்களே பிறக்கும். ஆகவே ஒரு மோதலைப் பற்றி எதைச் சொல்வதற்கு முன்னரும் அது எவ்வளவு நடுவில் நிகழ்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். இதைத்தான் மோதலின் மையத்தன்மை என்கிறார்கள். இரு கருக்களின் நடுப்புள்ளிகளுக்கிடையே எவ்வளவு விலகல் இருந்தது என்பதே கேள்வி.

அந்த விலகலை அளக்கும் கோல் உலகில் இல்லை. ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கி, அதில் ஒரு கூறை மீண்டும் பத்து இலட்சம் கூறாக்கினால் வருவது ஒரு பெர்மி. ஈயக் கருவின் ஆரையே ஏழு பெர்மிக்குக் குறைவு. இரு கருக்கள் எவ்வளவு விலகிக் கடந்தன என்பதை எவரும் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. காண்பதற்கு இருப்பவை சிதறிய சல்லிகள் மாத்திரமே.

எங்கள் கரையில் கரைவலை இழுப்பவர்களிடையே மண்டாடி என்று ஒருவர் உண்டு. நீரின் நிறம் கறுப்பதையும், பறவைகள் தாழ்வதையும், அலையின் முதுகில் ஓடும் சிறு நடுக்கத்தையும் பார்த்து, எங்கே, எவ்வளவு மீன் நிற்கிறது என்று சொல்வார். வலை வளைப்பது அவர் சொற்படியே. அலிசின் விஞ்ஞானிகள் செய்வதும் இதை ஒத்ததே. மோதல் நிகழும் இடத்தின் இருபுறமும், கருக்கள் ஓடும் குழாயைச் சுற்றி, ஒளிரும் பிளாஸ்ரிக்காலான இரு தட்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 32 கூறுகள். 2018ஆம் ஆண்டு முடிவு வரை அவை பணியில் இருந்தன. இப்போது அவற்றின் இடத்தில் வேறு கருவி இருக்கிறது. துகள்கள் மிகுதியாகத் தைத்தால் ஒளி மிகும். ஒளி மிகுந்தால் மோதல் நடுவில் நிகழ்ந்தது. குறைந்தால் ஓரத்தில் நிகழ்ந்தது. கோடிக்கணக்கான மோதல்களின் ஒளியளவையும் குறித்துக்கொண்டு, மிகுதியிலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்துகிறார்கள். மேலேயுள்ள நூற்றுக்கு ஐந்து ‘மிக மையமானவை’; அடுத்த ஐந்து அதற்கு அடுத்த வகுப்பு; இவ்வாறு இறங்கிச் செல்கிறது ஏணி. நம் பரீட்சைப் பட்டியலேதான்!

ஏணியின் மேற்படிக்கும் கீழ்ப்படிக்கும் உள்ள தூரத்தைச் சில எண்கள் காட்டும். 2010இன் மோதல்களில், முதல் ஐந்து சதவீதத்தில் 416 துகள்களிற் சராசரியாக 383 அளவு மோதலிற் பங்குகொள்கின்றன. மோதலுக்குக் குறுக்கான நடுப்பகுதியில், அளவைக்கென வகுத்த ஓர் அலகு அகலத்துக்குள், சராசரி 1,600 அளவு மின்னேற்றத் துகள்கள் வெளிவருகின்றன. எழுபதிலிருந்து எண்பது சதவீதம் வரையுள்ள வகுப்பிற் பங்குகொள்வன 16 அளவே, வெளிவருவன 35.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று சொல்ல வேண்டும். நேருக்கு நேர் மோதல் அரிது. ஓரத்து மோதலே பெரும்பான்மை. காரணம் மிக எளிது. வட்டப் பலகை ஒன்றின்மேற் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால், நடுவிலுள்ள சிறு வட்டத்தில் விழுவன சில; வெளிவளையத்தில் விழுவன பல; வெளிவளையத்தின் பரப்பு பெரிது. நிகழும் மோதல்களிற் பாதியில், அந்த 416 துகள்களிற் பங்குகொள்வன ஏறத்தாழ எழுபதுக்கு உட்பட்டவையே. புத்தக அட்டைகளில் ஓவியர்கள் வரைவது எப்போதும் நேர் மோதலின் வாணவேடிக்கையைத்தான். உலகமோ விளிம்பிலேதான் பெரிதும் நடக்கிறது.

மோதாத துகள்களுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. அவற்றைப் பார்வையாளர்கள் என்கிறார்கள். மற்றவை பங்கேற்றவர்கள். இரு கூட்டங்கள் மோதும்போது, மோதலின் வழியில் நிற்காத பகுதியினர் எதுவும் நடவாததுபோற் பழைய பாதையிலேயே ஓடிச் செல்கிறார்கள். (இவ்வகையினரை நம் சமுதாயத்திலும் நாம் அறிவோம்.) மோதிய இடத்திலிருந்து நூறு மீற்றருக்கும் அப்பால், நேர் பாதையில், அவர்களை எண்ணுவதற்கென்று இருபுறமும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் பலராயின் மோதல் ஓரத்தது. பார்வையாளர் சிலராயின் மோதல் நடுவினது. எளிய தர்க்கம். ஆனால் அது பொய்க்கும் இடம் ஒன்றுண்டு. மிக மிக ஓரத்து மோதலிற் பார்வையாளர்கள் தனித்தனியே சிதறாமல், ஒன்றோடொன்று கட்டுண்ட துண்டங்களாகவே தப்பி ஓடுகிறார்கள். வளையத்தின் காந்தங்கள் அத்துண்டங்களை வேறு வழிக்குத் திருப்பிவிடுகின்றன. கருவிக்கு அவை எட்டுவதேயில்லை. ஆகவே கருவி மௌனமாயிருந்தால் இரண்டு பொருள் உண்டு: எல்லோரும் பங்கேற்றிருக்கலாம், அல்லது ஏறக்குறைய எவருமே பங்கேற்காமல் இருந்திருக்கலாம். அவற்றைப் பிரித்தறிய மோதல் இடத்துக்கு அருகே வேறொரு சிறு கருவியின் சாட்சியையும் சேர்த்துக் கேட்கிறார்கள். ஒரே மௌனத்துக்கு இரு பொருள் இருக்கலாம் என்பதை ஏற்று, இரண்டாம் சாட்சியைத் தேடும் இந்தப் பண்பை நான் வியக்கிறேன். வகுப்பிற் பேசாமல் இருக்கும் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடுவதற்கு நமக்கு ஒரு கணமே போதும்.

மண்டாடியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “மாஸ்டர், நான் சொல்லுறது ஒரு மதிப்புத்தான். மடி கரையேறினால்தான் சரியோ பிழையோ தெரியும்” என்றார். அவருக்கு வலை கரையேறுகிறது; விஞ்ஞானிக்கு ஏறுவதில்லை. வரிசைப்படுத்திய மோதல்களில் ஒன்றையேனும் திறந்து பார்த்து, உண்மையில் விலகல் எவ்வளவு என்று சரிபார்க்க வழியில்லை. அப்படியாயின் இந்த ஏணியின் படிகள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று எவ்வாறு அறிவது?

இதற்கு உதவியவர் ரோய் கிளவுபர் என்ற அமெரிக்கர். 1925இற் பிறந்தவர், பதினெட்டு வயதில் லொஸ் அலமொசுக்கு அழைக்கப்பட்டு, அணுகுண்டு ஆக்கும் வேலையில் அமர்த்தப்பட்ட மிக இளையோரில் ஒருவர். கருவைப் பிளந்து நகரங்களை எரித்த கூட்டத்தில் இருந்த ஓர் இளைஞரின் பெயர், கருவின் உள்ளமைப்பை அறியும் அமைதிப் பணியின் ஒவ்வொரு கட்டுரையிலும் இன்று வருகிறது. அவருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்ததோ ஒளியைப் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்கு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடந்துவந்த வேடிக்கை விஞ்ஞானப் பரிசு விழாவில், பார்வையாளர் எறியும் தாள் விமானங்களைத் துடைப்பம் கொண்டு கூட்டும் வேலையை இந்தப் பேராசிரியர் பல ஆண்டுகள் விரும்பிச் செய்தார். 2018இல் மறைந்தார்.

1950களில் அவர் வகுத்த வழி இதுதான். ஒரு கருவின் துகள் மற்றக் கருவினூடாக நேர்கோட்டிற் செல்வதாகக் கொள்க. வழியில் எதிர்த்துகள் ஒன்று குறித்த தூரத்துக்குள் வந்தால் மோதல், வராவிட்டால் இல்லை. 2010இன் வேகத்தில் அத்தூரம் ஏறத்தாழ 1.4 பெர்மி. இன்று கணிப்பொறியில், கருவின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் அன்றி மெல்ல மங்குவது என்ற அறிவையும் சேர்த்து, 208 துகள்களைப் பகடை உருட்டி இடமிட்டு, மற்றக் கருவையும் அவ்வாறே ஆக்கி, விலகலையும் பகடையால் தீர்மானித்து, இலட்சக்கணக்கான கற்பனை மோதல்களை நடத்துகிறார்கள். சகுனியின் பகடையன்று, யாருக்கும் சாயாத பகடை. கற்பனை மோதலில் எல்லாமே நமக்குத் தெரியும்: விலகல் எவ்வளவு, பங்கேற்றவர் எத்தனை பேர். பிறகு, பங்கேற்றவர் தொகையையும் அவர்களிடையே நிகழ்ந்த தனி மோதல்களின் தொகையையும் கலந்து, புதுத் துகள்களைப் பெற்றெடுக்கும் ‘முன்னோர்’ இத்தனை பேர் என்று கணிக்கிறார்கள். முன்னோர் என்றே பெயரிட்டிருக்கிறார்கள்! ஒவ்வொரு முன்னோரும் பெற்ற பிள்ளைகளின் தொகை பகடைப்படி கூடலாம், குறையலாம். இவ்வாறு வந்த கற்பனை ஒளியளவுகளின் வரைபடத்தை, உண்மையில் அளந்த வரைபடத்தின்மேற் பொருத்திப் பார்க்கிறார்கள். இரண்டும் பொருந்துமாறு கணக்கின் அளவெண்களைத் திருத்திய பின்னரே படிகளுக்கு எல்லை வகுக்கிறார்கள்.

ஆசிரியை தம் பட்டியல் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டிய இடம் இனித்தான் வருகிறது. நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்குப் பத்து என்கிறோமே, அந்த நூறு எது? கருவியில் தைத்த மோதல்கள் நூறா, நிகழ்ந்த மோதல்கள் நூறா? மிக ஓரத்து மோதல்கள் கருவியை எழுப்பாமலே கடந்துவிடலாம். அதுவுமன்றி, கருக்கள் தொடாமலே அவற்றின் மின்புலங்கள் தாக்கி எழுப்பும் பொய்ச் சத்தங்களும் அங்கே கலந்துவிடுகின்றன. ஆகவே அலிஸ் குழுவினர் கருவி எண்ணிய தொகையை நூறாகக் கொள்வதில்லை. தொண்ணூறு சதவீதம் வரையுள்ள பகுதியிலேயே தங்கள் எண்ணிக்கை நம்பத்தக்கது என்று அறிவித்து, தொண்ணூறாம் படியை நங்கூரமாக நாட்டி, எஞ்சிய பத்தைக் கிளவுபரின் கணக்கால் மதிப்பிட்டுப் பகுதியெண்ணில் சேர்க்கிறார்கள். காணாதவற்றைக் காணவில்லை என்பதற்காக இல்லாதவையாக்குவதில்லை.

நம் பட்டியலில் நூறு எது? பரீட்சைக்கு அமர்ந்தவர்களே நூறு. ஆறாம் தரத்தில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தந்தையோடு கடலுக்குப் போனவர்களும், கடையில் வேலைக்கு நின்றவர்களும், இளமையிலேயே மணமுடித்து அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளும் போக, இருபத்திரண்டு பேர் பரீட்சைக்கு அமர்ந்து, பதினொருவர் சித்தியடைகிறார்கள். பட்டியல் ஐம்பது சதவீதம் என்கிறது. உண்மை இருபத்தேழரை. இதனாற் பள்ளியின் பெயர் உயர்ந்து தோன்றும் என்பதல்ல என் முறைப்பாடு. போனவர்கள் கருவியை எழுப்பாமற் போனார்கள் என்பதே.

நூறு எது என்ற கேள்வி இந்நாட்டின் உயர்நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி என்ற முறை 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாணவர் பாடச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதே அதன் சாரம். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் அமர்ந்தனர். இரு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து புள்ளி கணித்தது தவறென்று 2012இல் நீதிமன்றம் அதை நீக்கியது. இரு வேறு நூறுகளைக் கூட்டி ஒரு நூறாக்க முடியாது என்பதைச் சட்டமும் ஏற்றது.

இப்போது இக்கதையின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன். ஈய மோதலில் வேகமிக்க துகள்கள் பிறந்தால், அந்த வெப்பத் துளி அவற்றின் வேகத்தை உறிஞ்சிவிடும். மிக மையமான மோதல்களில், வர வேண்டிய வேகத் துகள்களில் ஏழில் ஒரு பங்களவே ஓரிடத்தில் மிஞ்சுகிறது. ஓரத்துக்குப் போகப் போக இக்குறை குறைந்துகொண்டே வரவேண்டும். கடைசியிற் குறையே இருக்கக்கூடாது. அவ்வாறுதான் வந்தது, எண்பது சதவீதம் அளவு வரை. அதற்கப்பால், மிக மிக ஓரத்து மோதல்களில், துகள்கள் மீண்டும் குறைந்து காணப்பட்டன. அவ்வளவு சிறிய உரசலில் எந்தத் துளி வந்து எதை உறிஞ்சியது?

2017இல் கொன்ஸ்ரன்ரின் லொயிசிடெஸ், அந்திரியாஸ் மோர்ஷ் என்ற இருவர் விடை சொன்னார்கள். எதுவும் உறிஞ்சவில்லை. மோதல்களைத் தரம்பிரித்தது வெளிவந்த துகள்களின் தொகையைக் கொண்டு. ஓரத்து மோதல் ஒன்றில் தற்செயலாக வேகத் துகள் பிறந்தால், அதனோடு பல துகள்களும் பிறந்து, அம்மோதல் தொகையால் உயர்ந்து மேல் வகுப்புக்குப் போய்விடுகிறது. கீழ் வகுப்பில் எஞ்சுவன வேகத் துகள் பிறவாத மோதல்களே. பிறகு கீழ் வகுப்பைப் பார்த்து, ‘இங்கே வேகத் துகள்கள் குறைவு’ என்கிறோம்! குறை மோதலில் இல்லை; பிரித்த முறையில் இருந்தது. 2019இல் அலிஸ் குழுவினரின் அளவைகளும் இவ்விளக்கத்தோடு ஒத்துவந்தன.

இதை ஆசிரியை கரும்பலகையில் வரைந்து முடித்தபோது நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை இருவர் மனதிலும் இருந்தது. கடற்கரைப் பள்ளியிற் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தோன்றினால், அப்பரீட்சையிற் புள்ளி பெற்று, நகரத்துப் பெரிய பள்ளிக்குப் போய்விடுகிறது. போகட்டும், அது பிள்ளையின் உரிமை, நானே சென்று பெற்றோரை வற்புறுத்தி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஐந்து ஆண்டுகள் அப்பிள்ளைக்கு எழுத்தறிவித்த பள்ளியின் கணக்கில் அது இல்லை. நகரத்துப் பள்ளியின் கணக்கில் ஒன்று கூடுகிறது. நம்முடையதில் ஒன்று குறைகிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டையும் ஒரே பட்டியலில் இட்டு, “கரையோரப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது” என்று மேடையிற் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். மாவட்டத்துக்கு ஒதுக்கீடு உண்டே என்பார்கள். திருகோணமலை, பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் இருப்பது உண்மை. அந்த ஒதுக்கீடு வேண்டியதே. ஆனால் மாவட்டத்துக்குள்ளும் ஒரு நடு உண்டு, ஒரு விளிம்பு உண்டு. ஒதுக்கீடு மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது.

விஞ்ஞானம் மேற்கின் சொத்து என்று எண்ணுவோருக்காக ஒன்று சொல்வேன். துகள்களை எண்ணும் இந்த வேலையில் நம் அயலவரின் கை ஆழப் பதிந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்தே கொல்கத்தாவின் சைக்கிளோத்திரன் நிலையமும், புவனேசுவரம், சண்டிகார், ஜெய்ப்பூர், ஜம்மு ஆகிய இடங்களின் ஆய்வாளரும் மாணவரும் சேர்ந்து, மோதலில் வெளிவரும் ஒளித்துகள்களை எண்ணும் கருவிகளைத் தாமே கட்டி சேர்னுக்கு அனுப்பினர். அலிசுக்கென்று அவர்கள் கட்டியது, தேன்கூட்டைப் போன்ற வாயு அறைகளாலானது. கொல்கத்தாவின் சாகா நிலையத்தார் வடிவமைத்த ‘மானஸ்’ என்னும் நுண்சில்லு அலிசின் கருவிகளிற் பணிபுரிந்தது. இம்முயற்சிகளுக்குத் தலைநின்ற விகாஸ் சின்ஹா 2023இல் மறைந்தார். இலங்கையும் 2017இற் சேர்னோடு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. கடற்கரைப் பள்ளிகளில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத வெற்றிடங்களை நிரப்புவதும் அவ்வுடன்படிக்கையின் பகுதியே என்று நான் கருதுகிறேன். கையொப்பமிட்டவர்கள் அப்படிக் கருதினார்களோ, என்னவோ!

2025 யூலையில் அவ்வளையத்தில் ஒட்சிசன் கருக்களை மோதவிட்டார்கள். ஒட்சிசனின் கருவில் இருப்பன பதினாறே துகள்கள். இரு கருவும் சேர்ந்து முப்பத்திரண்டு. அங்கே நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு, பகடையின் தற்செயலுக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். தொகையைக் கொண்டு தரம்பிரிப்பது மேலும் ஆபத்தானது. அதை எவ்வாறு கையாள்கிறார்கள் என்பதை ஆசிரியை இப்போது படித்துக்கொண்டிருக்கிறார். நான் வேறொரு வேலையிலிருக்கிறேன். பள்ளியின் பழைய வரவுப் பதிவேடுகளை எடுத்து, ஆறாம் தரத்திற் பெயர் பதிந்து, பரீட்சைக்கு வராமற் போன பிள்ளைகளின் பெயர்களை ஆண்டுவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். பெயருக்கு எதிரே, இப்போது எங்கே இருக்கிறார் என்பதற்கு ஒரு நிரல். ஐந்தாம் தரத்தோடு நகரத்துக்குப் போனவர்களுக்கு வேறொரு நிரல். முதல் நிரலிற் பாதிக்கு மேல் மண்டாடியே நிரப்பித் தந்தார். எந்தப் பிள்ளை எந்தத் தோணியில், எந்தக் கடையில், எந்த ஊரில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.